எட்டிப் பார்க்காத மாடி

ஜூன் 3, செவ்வாய்

இந்த வருடம் உடுமலையில் காற்று வைகாசியிலேயே தொடங்கிவிட்டது. காலையில் சைட்டுக்குப் போனால், சிமெண்ட் மூட்டைகளை மூடியிருந்த தார்ப்பாய் பக்கத்துத் தென்னை மரத்தில் தொங்குகிறது. அதை இறக்கி முடிப்பதற்குள் முதலாளி குழந்தைவேலு சாரிடமிருந்து போன். பக்கத்து வீட்டு அம்மா நகராட்சியில் ஆட்சேபணை கொடுத்திருக்கிறாராம். நாங்கள் கட்டும் அடுக்குமாடியால் அவர் வீட்டின் தனிமை கெடுகிறதாம். அதற்கு ஒரு முடிவு வரும்வரை இரண்டாம் மாடிக்கு மேல் ஒரு செங்கல் வைக்கக் கூடாது.

"சுபா, நீதான் போயிப் பேசணும்மா. நான் போனா சண்டையாயிரும். ரெண்டு தடவ 'அம்மா'ன்னு கூப்புட்டீன்னா முடிஞ்சுது."

வரைபடம் நான் போட்டது. நாலு மாடி, எல்லா பால்கனியும் மேற்குப் பார்த்து. 'பாலக்காட்டுக் காற்று உங்கள் வீட்டுக்குள்ளே' என்று விளம்பரம் எழுதியது சார். மேற்கே அந்த அம்மாவின் வீடு இருப்பதைப் பற்றி நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பக்கத்து வீட்டுச் சாந்தாமணி அம்மாவைப் பார்த்தேன். வீட்டின் முன்பக்கம் மாவு மில் வைத்திருக்கிறார். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார். வணக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், தும்மல் வந்தது. சுபாஷினி என்று பெயரைச் சொல்ல முயன்றேன். 'சுபா' வரைக்கும்தான் போக முடிந்தது.

"நின்னு நிதானமாத் தும்மி முடிச்சுட்டுப் பேசுங்கோ அம்மிணி. ஒண்ணும் அவசரமில்ல."

ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு வயதிருக்கும். கணவர் இறந்து பல வருடமாகிறதாம். அந்த வயதுக்கு அப்படி ஒரு தோள்பட்டையை நான் பார்த்ததில்லை. மூட்டை தூக்கித் தூக்கி வந்ததாக இருக்கும்.

"உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு சொன்னீங்கன்னா சரி பண்ணிடலாங்க" என்றேன்.

"மேல இருந்து பாத்தா என்ற பொறவாசல் தெரியும்."

"பொறவாசல்ல என்னங்க இருக்குது?"

"பொறவாசல்தான் இருக்குது."

பேச்சுவார்த்தை அதோடு முடிந்தது. கிளம்பும்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அவருடைய மகன், பெயர் திருமூர்த்தி, கால்நடை டாக்டர். சட்டையெல்லாம் வைக்கோல். மாடு ஒன்று கன்று போடச் சிரமப்பட்டதாம். "ரெண்டும் நல்லாருக்குதுங்க" என்று, நான் கேட்காமலேயே என்னிடம் சொன்னார். பிறகு குழாயடியில் நின்று கை கழுவினார். விரல் விரலாகச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார். எதிர்த்தரப்பில் ஒரு நிதானமான ஆள் இருப்பது பேச்சுவார்த்தைக்கு நல்லது என்பதால் இதைக் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 6, வெள்ளி

புது சுடிதார் எடுத்தேன். வெளிர் மஞ்சள். சைட்டில் தூசி படிந்தால் தெரியாத நிறம் வேண்டும் என்று கேட்டு, கடைசியில் இதை எடுத்தேன். கடைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே பில் போட்டார்.

ஜூன் 9, திங்கள்

மறுபடி போனேன். காம்பவுண்டுச் சுவரை உயர்த்திக் கட்டித் தருகிறோம் என்றேன்.

"எவ்வளவுக்கு ஒசத்துவீங்கோ? நாலு மாடிக்கா?"

சுவர் ஓரமாக மரம் வைத்துத் தருகிறோம் என்றேன்.

"எல விழுகும்."

"எங்கீங்க விழுகும்?"

"கெணத்துல."

புறவாசலில் கிணறு இருப்பது இப்படித்தான் தெரியவந்தது. இந்த இடமெல்லாம் ஒரு காலத்தில் தோட்டமாக இருந்ததாம். தோட்டம் போய்விட்டது, கிணறு தங்கிவிட்டது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கிணற்றுக்கு மேல் கம்பி வலையில் ஒரு பந்தல் போட்டு, எங்கள் செலவிலேயே அழகாக மூடித் தருகிறோம் என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டடி பின்னால் போனேன்.

"வானம் தெரியணும் அம்மிணி."

கிணற்றுக்கு எதற்கு வானம்? டாக்டர் காபித் தம்ளரோடு கதவருகே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியும். வாசல் வரை கூட வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மேடம். அம்மா சொல்றதுல நியாயம் இருக்குது. ஆனா என்னன்னு நான் சொல்லக் கூடாது."

"எங்கிட்டயுமா?" என்று கேட்டுவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க இதையே யோசித்தேன். அவரை நான் பார்த்ததே இரண்டு தடவை. 'எங்கிட்டயுமா' என்றால் என்ன அர்த்தம்?

ஜூன் 12, வியாழன்

சைட்டில் சிமிட்டி என்று ஒரு நாய் இருக்கிறது. இன்று அது காதைச் சொறிந்துகொண்டே இருந்தது. பொறுப்புள்ள இன்ஜினியர் என்ற முறையில் டாக்டருக்குப் போன் செய்தேன். வந்தார். காது, வாய், வயிறு எல்லாம் பார்த்தார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஈ ஏதாச்சும் கடிச்சிருக்கும்."

"இன்னொருக்காப் பாத்துக்கறது நல்லதுங்களா?"

கொஞ்சம் யோசித்தார். "நல்லதுதானுங்க" என்றார்.

ஜூன் 13, வெள்ளி

வந்தார். நாய் நலம்.

ஜூன் 14, சனி

வந்தார். டாக்டரின் பைக் சத்தம் கேட்டாலே சிமிட்டி இப்போது மணல் குவியலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க நேரமானது. இரண்டு பேருமாகத்தான் தேடினோம்.

ஜூன் 15, ஞாயிறு

ஹாஸ்டலில் துணி துவைத்தேன். என் அம்மா போன் செய்தாள். சித்தி மகள் கல்யாணத்துக்கு வராதே என்று சொல்லவில்லை. "உனக்குச் சங்கடமா இருக்கும்னா வேண்டாம் கண்ணு" என்றாள். எனக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்து மூன்று வருடமாகிறது. இன்னமும் ஒரு மண்டபத்துக்குள் நான் நுழைந்தால் பந்தியில் பரிமாறுகிறவர்கூடத் திரும்பிப் பார்க்கிறார். அதற்கென்ன. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

மொட்டை மாடியில் காயப்போட்ட துப்பட்டா காற்றில் போய்விட்டது.

ஜூன் 17, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது. கை இன்னும் ஈரமாக இருப்பதுபோலவே இருக்கிறது.

மதியம் மூன்று மணிக்குச் சைட் கொட்டகை வாசலில் நின்று, சாந்தாமணி அம்மாவிடம் காட்டுவதற்காகப் பெரிய வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். கட்டடத்தில் மோதித் திரும்பிய காற்று பிடுங்கிக்கொண்டது. தாள் எழும்பிச் சுவரைத் தாண்டி அவர்கள் வீட்டுப் பின்பக்கம் போய் இறங்கியது. ஓடினேன். மில் பூட்டியிருந்தது. மதியத்தில் இரண்டு மணி நேரம் எப்போதும் பூட்டித்தான் இருக்கும். பக்கவாட்டுச் சந்து வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். பதில் இல்லை. ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சத்தம் தரைக்குக் கீழேயிருந்து வந்தது.

கைப்பிடிச் சுவர் அருகே போய்க் குனிந்தேன். நல்ல அகலமான கிணறு. சுற்றிலும் கல்படி. பச்சைத் தண்ணீரில் என் வரைபடம் விரிந்து மிதக்கிறது. அதைச் சுற்றி மூன்று தலைகள்.

"இது சமையல்கட்டா?"

"அது பாத்ரூம், ஜமீலா."

"இவ்வளவு பெரிய பாத்ரூமா? உள்ள என்ன கூத்தா கட்டுவாங்க?"

சாந்தாமணி அம்மா நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். சிரிப்பு நின்றது. நான் உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கலீங்க" என்றேன்.

"கண்ணத் தொற அம்மிணி. அங்கிருந்து விழுந்தீன்னா அதுக்கு ஒரு கேசு நடக்கும்."

பழைய நைட்டிக்கு மேல் துண்டைக் குறுக்கே கட்டிய சாந்தாமணி அம்மா. முழுக்கைச் சுடிதாரில் எதிர்வீட்டு ஜமீலா அக்கா, பிளவுஸ் தைப்பவர். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கருணாம்பிகை அக்கா. மூன்று பேரும் பல வருடமாக மதியத்தில் இந்தக் கிணற்றில் நீந்துகிறார்கள். டாக்டரைத் தவிர வெளியே ஒருவருக்கும் தெரியாது. ஜமீலா அக்காவின் வீட்டில் அவர் தையல் பாக்கியை வசூலிக்கப் போவதாக நம்புகிறார்கள். எங்கள் இரண்டாம் மாடித் தளம் எழும்பியதும் பயந்து நிறுத்தியிருக்கிறார்கள். வேலை நின்று மேலே ஆள் இல்லாமல் போனபிறகுதான் மறுபடி இறங்கியிருக்கிறார்கள்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாங்களே" என்றேன்.

"என்னன்னு சொல்றது? ஆபீசுல போயி, நாங்க மூணு பேரு கெணத்துல குதிச்சு வெளையாடறோம், பாக்காதீங்கன்னா?" சாந்தாமணி அம்மா மல்லாந்து மிதந்தபடியே பேசினார். "அவரு போன பொறவு கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஆராச்சும் பாத்துக்கிட்டே இருப்பாங்கோ. என்ன கட்டியிருக்கா, எதுக்குச் சிரிக்கறான்னு. இங்க மட்டுந்தான் ஒருத்தரும் பாக்கறதில்ல. மேல வானம் இருக்கும், அவ்வளவுதான்."

செருப்பைக் கழற்றினேன்.

"நீச்சத் தெரியுமா?"

"தெரியுங்க. பெரியவளானதும் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"ஆரு?"

"எல்லாருந்தானுங்க."

கருணாம்பிகை அக்கா நகர்ந்து இடம் விட்டார். குதித்தேன். தண்ணீர் காதுக்குள் போனதும் ஊரே காணாமல் போனது. மேலே வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். எதற்கென்று கேட்க அங்கே ஆள் இல்லை. மல்லாந்து படுத்தேன். வட்டமாக வானம், நடுவில் ஒரு கொக்கு. மேலே அவ்வளவு காற்றடிக்கிறது, கிணற்றுக்குள் ஓர் இலைகூட அசையவில்லை.

"உன்ற மொதலாளிகிட்டக் கூடச் சொல்லக் கூடாது" என்று சாந்தாமணி அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டார்.

சொட்டச் சொட்ட வெளியே வந்தால் வாசலில் டாக்டர். என்னைப் பார்த்தார். மேலே வானத்தைப் பார்த்தார். ஒரு துளி மேகம் இல்லை.

"மழைங்களா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

ஜூன் 19, வியாழன்

மிளகாய் வாசத்துக்குத் தும்மல் நின்றுவிட்டது. நேற்றும் இன்றும் மதியம் 'பேச்சுவார்த்தை'. குழந்தைவேலு சார், எப்படிப் போகிறது என்று கேட்டார். ஆழமாகப் போகிறது என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

எந்த மாடியிலிருந்து தண்ணீர் தெரியும் என்று தாளில் கணக்குப் போட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு விடை வந்தது. நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நான் கிணற்றில் மிதக்க வேண்டும். கட்டடத்தின் மேல் ஒருவர் கொடி பிடிக்க வேண்டும். கொடி எனக்குத் தெரிந்தால், அங்கே நிற்கிறவருக்கு நான் தெரிவேன். விஷயம் தெரிந்த ஒரே வெளியாள் டாக்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சைட்டில் ஆள் இல்லை. மற்ற மூன்று பேரும் என்னோடு கிணற்றில் இறங்கினார்கள். டாக்டர் மூங்கில் கழியில் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். எங்கள் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும், தவறியும் திரும்பக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. முதலில் முதல் மாடி.

"தெரியுதா?" என்று கத்தினார்.

"தெரியல" என்று நாலு பேரும் கத்தினோம்.

இரண்டாம் மாடியிலும் தெரியவில்லை. பிறகு இரண்டாம் மாடியின் மேல்தளத்துக்கு, அதாவது மூன்றாம் மாடி வரப்போகும் இடத்துக்கு ஏறினார். துண்டின் நுனி தெரிந்தது. அடுத்து நாலாம் மாடியின் உயரத்துக்குக் கழியைத் தூக்கிப் பிடித்தார். அங்கேதான் காற்று. துண்டு அவர் முகத்தில் சுற்றிக்கொண்டது. கழி ஒரு பக்கம் இழுக்க, அவர் ஒரு பக்கம் போக, கண் தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றினார்.

"டேய், திரும்பாத" என்று அம்மா கத்தினார்.

"எந்தப் பக்கம் திரும்பக் கூடாதுன்னே தெரியலம்மா" என்று மேலிருந்து குரல் வந்தது.

ஜமீலா அக்கா சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டார். கருணாம்பிகை அக்கா படியைப் பிடித்துக்கொண்டு அழுதார், சிரிப்பில்தான். எனக்கும் மூச்சு வாங்கியது. முகத்தை மூடிய துண்டோடு, வானத்தை ஒட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. அளவு குறித்துக்கொள்ள மறந்துவிட்டேன். மறுபடி ஒருமுறை ஏறச் சொன்னேன். ஏறினார்.

ஜூன் 24, செவ்வாய்

வழி கிடைத்துவிட்டது. கீழ் இரண்டு மாடிகளால் தொந்தரவில்லை. அவை அப்படியே இருக்கட்டும். மூன்றும் நான்கும் இன்னும் எழும்பவில்லை. அவற்றின் பால்கனிகளைத் தெற்கே திருப்பிவிடலாம். தெற்கே மலை தெரியும். மேற்குச் சுவரில் குளியலறையும் அலமாரிகளும். ஜன்னல்களை ஆளுயரத்துக்கு மேலே வைத்தால் காற்று வரும், கண் போகாது. மொட்டை மாடியின் மேற்கு ஓரத்தில் யாரும் நிற்க முடியாதபடி தண்ணீர்த் தொட்டி. வானத்துக்கு ஒரு குறையுமில்லை.

விடியும்வரை வரைந்தேன். தூக்கமே வரவில்லை. நல்ல வரைபடம் வந்தால் அப்படித்தான் இருக்கும்.

ஜூன் 26, வியாழன்

குழந்தைவேலு சார் சைட்டுக்கு வந்தார். புது வரைபடத்தைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"மேக்க பால்கனின்னு சொல்லித்தானேம்மா வித்துட்டு இருக்கறோம். எதுக்கு மாத்தோணும்? அந்தம்மாளுக்கு என்னதான் பிரச்சன?"

"சொல்ல முடியாதுங்க சார்."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"தெரிஞ்சும் சொல்ல மாட்டயா? காரணமே சொல்லாத ஆளுக்கு நான் எதுக்குக் கட்டடத்தத் திருப்பணும்?"

இந்த வேலை போனால் எங்கே போவது என்ற யோசனை ஓடியது. ஆனாலும் வாய் பேசிவிட்டது.

"அடுத்தவங்க வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறதுக்குத்தானுங்க சார் காரணம் வேணும். பாக்காதீங்கன்னு சொல்றதுக்கு எதுக்குக் காரணம்? இதை மாத்தலைன்னா என்ற கையெழுத்து இல்லீங்க. வேற இன்ஜினியரப் பாத்துக்கோங்க."

சார் விறுவிறுவென்று மேல்தளத்துக்கு ஏறினார். நானும் பின்னால் ஏறினேன். நேராக மேற்குப் பக்கம் போகப் பார்த்தார். வழியில் போய் நின்றுகொண்டேன். தெற்கே கையைக் காட்டினேன். காற்றில் புழுதியெல்லாம் போய் மலை துடைத்துவைத்ததுபோல் இருந்தது. அருவி விழும் மடிப்புகூடத் தெரிந்தது.

சார் அந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ற ஊட்டுல நாலு பக்கமும் ஜன்னல் வெச்சுக் கட்டினேன்" என்றார், மலையைப் பார்த்தபடியே. "என்ற சம்சாரம் அத்தனைக்கும் துணி போட்டு மூடியே வெச்சிருக்கறா. ஏன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல."

இறங்கும்போது, "அந்த மலைக்கு என்ன பேரு, திருமூர்த்தி மலைதானே?" என்றார். ஆமாம் என்றேன். என் குரல் ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை.

ஜூன் 30, திங்கள்

சாந்தாமணி அம்மா ஆட்சேபணையைத் திரும்பப் பெற்றார். இனி மூன்றாம் மாடி எழும்பலாம். மேற்குப் பக்க வேலை நடக்கும் நாட்களில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மேலே யாரும் ஏறக் கூடாது என்பதும் பேச்சு. அதற்கும் சார் காரணம் கேட்கவில்லை.

சார் புது விளம்பரத்தையும் எழுதிவிட்டார். 'கண் விழித்ததும் திருமூர்த்தியைப் பார்க்கலாம்.' நான் ஒரு வார்த்தைகூட எழுதிக் கொடுக்கவில்லை. டாக்டர் அதைச் சைட் பலகையில் படித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, சிமிட்டியிடம் ஏதோ விசாரிப்பதுபோல் உட்கார்ந்துவிட்டார். காதெல்லாம் சிவந்திருந்தது. நாய்க்கு அல்ல.

ஜூலை 6, ஞாயிறு

கிணற்றில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தேன். சாந்தாமணி அம்மா பக்கத்தில் மிதந்து வந்தார்.

"அம்மிணி, என்ற பையன் எப்புடி?"

"நல்ல டாக்டருங்க."

"நாய்க்கு நல்லாயிருச்சா?"

"நல்லாயிருச்சுங்க."

"அதுக்கு எப்ப நல்லா இல்லாம இருந்துச்சு?"

தண்ணீருக்குள் முங்கினேன். மூச்சு தாங்கும்வரை உள்ளேயே இருந்தேன். மேலே வந்தபோது மூன்று பேரும் அதே இடத்தில் காத்திருந்தார்கள். சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது.

"எனக்கு ஏற்கெனவே கல்யாணமாகி விலகியாச்சுங்கம்மா."

"தெரியும். அவனுக்கும் தெரியும்."

"நான் சொல்லவே இல்லீங்களே."

"உடுமலையில எல்லாருக்கும் எல்லாந் தெரியும் அம்மிணி. அதுக்குத்தானே இத்தன சண்ட போட்டோம். நான் உங்கிட்டப் பதிலு கேக்கல. அவங்கிட்டயும் கேக்க மாட்டேன். பாத்துக்கிட்டும் இருக்க மாட்டேன்" என்றார். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நீந்திப் போய்விட்டார்.

ஜூலை 12, சனி

மூன்றாம் மாடிக்குத் தூண் கம்பி கட்டினோம். மணல் லாரி தாமதம். சாயங்காலம் டாக்டர் போன் செய்தார். நாளைக்கு அம்மாவும் மற்ற இரண்டு பேரும் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்களாம்.

"ஒண்ணு சொன்னாச் சிரிக்கக் கூடாதுங்க. கெணறு இருக்கற ஊட்டுலயே பொறந்தும் எனக்கு நீச்சத் தெரியாது. தண்ணின்னா பயமுங்க. நீங்க கத்துத் தர்றீங்களா?"

நான் சிரிக்கவில்லை. போனை வைத்தபிறகு சிரித்தேன். அறைத்தோழி எழுந்து வந்து பார்க்கும்வரை சிரித்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

முதுகில் ஒரு காலி எண்ணெய்க் கேனைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு நின்றார். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கைவிட்டுக் கன்றை இழுக்கிற மனிதர், கடைசிப் படியில் நின்றுகொண்டு கால் விரலை மட்டும் தண்ணீரில் நனைத்துப் பார்த்தார். நான் தண்ணீரில் நின்று கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டார்.

"உட்டுற மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டேனுங்க" என்றேன்.

இறங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை இங்கேயும் எழுதப் போவதில்லை.